முதலில் வந்தவர் யார்?



போன வாரம் பேத்தி ஊருக்கு வந்திருந்தாள். கைப்பேசியில் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "தாத்தா, இளவட்டங்கள் சேர்ந்து வாழ்கிற கதையை டிவியில் முதலில் காட்டியவர்கள் இவர்கள்தான்" என்றாள். யாராவது 'முதல்' என்று சொன்னால் "ஆண்டு என்ன?" என்று கேட்பது என் பழைய வழக்கம். என்னிடம் படித்தவர்களுக்கு அது தெரியும். உட்கார்ந்து தேடிப் பார்த்தேன்.

'ஃப்ரெண்ட்ஸ்' தொடங்கியது 1994 செப்டம்பர் 22. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1993 ஆகஸ்ட் 22 அன்று, ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'லிவிங் சிங்கிள்' என்றொரு தொடர் தொடங்கிவிட்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு வீட்டில் ஆறு நண்பர்கள் புழங்குகிறார்கள். நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள், எல்லோரும் கறுப்பினத்தவர். பத்திரிகை நடத்தும் கதீஜாவாக குயின் லத்தீஃபா நடித்தார். அவளுடைய சித்தி மகள் போன்ற உறவுப் பெண் ஒருத்தி, அலங்காரப் பிரியையான தோழி ஒருத்தி, வக்கீல் தோழி ஒருத்தி. மேல்மாடியில் பங்குச்சந்தைக்காரர் ஒருவரும், வீட்டு ரிப்பேர் வேலை பார்ப்பவர் ஒருவரும். வாடகை, வேலை, காதல், கோபம், சாப்பாடு, இவைதான் கதை.

இதை உருவாக்கியவர் ஈவெட் லீ பவுசர். அமெரிக்காவில் இரவின் முக்கிய நேரத்தில் தனக்கென ஒரு தொடரை உருவாக்கி நடத்திய முதல் கறுப்பினப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். தொடர் ஐந்து பருவங்கள், 118 பகுதிகள் ஓடி 1998 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஆக, அது தோற்ற தொடர் அல்ல. கறுப்பினக் குடும்பங்கள் விரும்பிப் பார்த்தவற்றில் அதுவும் ஒன்று.

இன்னொரு செய்தி. இரண்டு தொடர்களையும் தயாரித்தது ஒரே நிறுவனம், வார்னர் பிரதர்ஸ். 'வேறு தொலைக்காட்சியில் வரும் எந்தத் தொடர் உங்களிடம் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?' என்று என்.பி.சி. தலைவரிடம் கேட்டபோது அவர் 'லிவிங் சிங்கிள்' என்றாராம். பிறகுதான் 'ஃப்ரெண்ட்ஸ்' வந்தது என்று குயின் லத்தீஃபாவே பின்னாளில் பேட்டியில் சொன்னார்.

அப்படியானால் ஒன்றுக்கு உலகப் புகழ், மற்றதன் பெயர்கூட நமக்குத் தெரியாமல் போனது எப்படி? நம் ஏரியை வைத்தே விளக்குகிறேன். பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை உண்டல்லவா? இறால் ஓடும் நல்ல இடங்களில் யார், எப்போது வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ள முன்னோர் கண்ட வழி அது. ஆனால் பாட்டில் பெயர் இல்லாதவன் எத்தனை கெட்டிக்காரனானாலும் அந்த இடத்தில் இறங்க முடியாது. அந்த மனக்குறையும் நம் ஏரியில் உண்டு.

தொலைக்காட்சியிலும் பாடு இருக்கிறது. அங்கே இடத்துக்குப் பதில் நேரம். 1994-ல் வியாழன் இரவு எட்டரை மணிக்கு இரண்டு தொடர்களும் நேருக்கு நேர் மோதின. என்.பி.சி. பழைய, பெரிய நிறுவனம். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடருக்கு முன்னும் பின்னும் ஏற்கெனவே பேர் வாங்கிய தொடர்களை வைத்தது. ஃபாக்ஸ் 1986-ல்தான் தொடங்கியது. போதாததற்கு, அந்த நாட்டில் கறுப்பர் வீடும் வெள்ளையர் வீடும் வெவ்வேறு தொடர்களைப் பார்த்தன. ஒன்றை 'எல்லோருக்குமான கதை' என்றார்கள், மற்றதைக் 'கறுப்பர் கதை' என்று ஒதுக்கினார்கள். கடைசிப் பருவங்களில் 'ஃப்ரெண்ட்ஸ்' நடிகர்கள் ஒரு பகுதிக்குத் தலா பத்து லட்சம் டாலர் வாங்கினார்கள்.

நம் நாட்டிலும் 1999-ல் ஜீ டிவி 'ஹலோ ஃப்ரெண்ட்ஸ்' என்று இந்தியில் எடுத்தது. சைரஸ் புரோச்சா, சிமோன் சிங், நிகில் சின்னப்பா போன்றோர் நடித்தார்கள். அது எடுபடவில்லை. பக்கத்து வீட்டுக் குழம்பை அப்படியே கொண்டுவந்து நம் இலையில் ஊற்றினால் ருசிக்குமா?

நம் ஊர்க் கதையும் இதுபோன்றதுதான். டச்சுக்காரர்கள் இங்கே 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி கப்பலேறிக் கிழக்கே போனது. ஆங்கிலேயர் மதராசில் கால் வைத்தது 1639-ல். இன்று சென்னை என்றால் உலகுக்கே தெரியும். பழவேற்காடு என்றால் "அது எங்கே இருக்கிறது?" என்கிறார்கள். நம்மிடம் மிச்சம் இருப்பது டச்சுக் கல்லறைகளும் கோட்டை இருந்த மேடும்தான்.

ஆனாலும் முதலில் வந்தவர்கள் வீணாகப் போவதில்லை. 'லிவிங் சிங்கிள்' தொடரில் மாக்சின் ஷா என்ற வக்கீலாக எரிகா அலெக்சாண்டர் நடித்தார். அந்தப் பாத்திரத்தைப் பார்த்து, 'நாமும் இப்படி ஆகலாம்' என்று நினைத்த கறுப்பினப் பெண்கள் பலர். அரசியலில் பெயர் பெற்ற ஸ்டேசி ஏப்ரம்ஸ், அயன்னா பிரெஸ்லி இருவரும் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். தன்னைப்போல் ஒருத்தியைத் திரையில் பார்த்ததால் வந்த துணிவு அது.

இதை எழுதும்போது எனக்கு நம் பெண்பிள்ளைகள் நினைவுதான் வந்தது. ஒவ்வொரு குப்பத்திலும் யாரோ ஒருத்தி முதலில் பத்தாம் வகுப்பு தேறினாள். படகில் ஏரியைக் கடந்து வந்து படித்திருப்பாள். ஊர் வாயையும் வீட்டு வேலையையும் சமாளித்திருப்பாள். அவளைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக்காரர் தன் மகளை அனுப்பினார். பிறகு வேலைக்குப் போனவர்களின் படம் பேப்பரில் வந்தது. முதலாமவளின் பெயர் எங்கும் இல்லை. நானும் எழுதி வைக்காமல் விட்டேன். அது என் தவறு.

எனவே பிள்ளைகளே, ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் ஊரில் முதலில் படித்த பெண் யார், எந்த ஆண்டு என்று அம்மாவிடமும் ஆயாவிடமும் கேட்டு எனக்கு அனுப்புங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டேன், என் நோட்டில் மட்டும் எழுதி வைக்கிறேன். பேத்தியும் ஒரு பெயர் கண்டுபிடித்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.