ஒரு சிறு சுரப்பியின் வரலாறு: குற்றவாளியா, ஊழியனா?

1849ஆம் ஆண்டு இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இந்தியக் காண்டாமிருகம் ஒன்று இறந்தது. அதன் உடலை அறுத்தாய்ந்த ரிச்சர்டு ஓவன், கழுத்தில் தைராய்டு சுரப்பியை ஒட்டி மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு உறுப்பு இருப்பதைக் குறித்து வைத்தார். மனித உடலிலும் அஃது உண்டு என்று 1880இல் விரிவாக எழுதி, 'பாராதைராய்டு' என்று பெயரும் சூட்டியவர் சுவீடன் நாட்டு உப்சாலாவின் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். பெரும்பாலோர்க்கு இவை நான்கு. ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணியினும் சற்றே பெரிது. குருதியில் கால்சியம் குறையாமல் காப்பது இவற்றின் பணி. சிறுநீரக நோயாளிகளின் வாழ்வில் இச்சிறு சுரப்பிகள் பெற்ற பெரிய இடத்தையே இங்கு நாம் பேசப் புகுகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் யாக்கோப் எர்டைம், எலும்பு நோயால் இறந்தோரிடம் இச்சுரப்பிகள் பருத்திருக்கக் கண்டார். எலும்பின் குறையை ஈடுசெய்யவே அவை வளர்கின்றன என்பது அவர் முடிவு. அதே நகரின் அறுவை மருத்துவர் பெலிக்ஸ் மாண்டல், அக்கருத்தின் வழிநின்று, எலும்பு நலிந்து வாடிய டிராம் ஊழியர் ஆல்பர்ட் யானேவுக்கு முதலில் வேறொருவரின் பாராதைராய்டைப் பொருத்திப் பார்த்தார். பயனில்லை. 1925இல் கழுத்தைத் திறந்து அங்கிருந்த பாராதைராய்டு கட்டியை அகற்றினார், நோயாளி தேறினார். சில ஆண்டுகளில் நோய் மீண்டதென்னவோ உண்மை. ஆயினும் சுரப்பியே குற்றவாளியாக இருக்கக்கூடும் என்பது நிலைபெற்றது.

அப்படியாயின் எர்டைம் கூறியது பிழையா? அன்று. சிறுநீரகம் பழுதுற்றோரிடம் அவர் கருத்தே பொருந்துகிறது. நலிந்த சிறுநீரகத்தால் பாஸ்பரசை வெளியேற்ற இயலுவதில்லை. வைட்டமின் டியைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் திறனும் குன்றுகிறது. அம்மாற்றம் நிகழும் இடம் சிறுநீரகமே என்பதை 1970இல் பிரேசரும் கோடிசெக்கும் காட்டினர். இவற்றால் கால்சியம் குறையத் தலைப்பட, பாராதைராய்டு ஓயாது உழைத்து எலும்பிலிருந்து அதை எடுத்துத் தருகிறது. உழைப்பு நீள நீளச் சுரப்பி பருக்கிறது. ஒரு கட்டத்தில் கட்டளைக்கு அடங்காமலும் போகிறது. ஊழியன் இவ்வாறுதான் குற்றவாளியாகிறான்.

1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் தொடர் டயாலிசிசுக்கு வழி கண்டார். அதுவரை சில வாரங்களில் மாண்டிருக்கக்கூடியோர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். எலும்பு வலியும் முறிவும் குருதிக்குழாய்களில் சுண்ணம் படிதலும் தலைகாட்ட அந்நீண்ட ஆயுளே இடந்தந்தது. பாஸ்பரசை உணவுக்குழலிலேயே கட்டிப்போட அலுமினியம் கலந்த மருந்துகள் வந்தன. ஆனால் 1976இல் ஆல்பிரேயும் அவர் குழுவினரும், மூளை நலிந்து இறந்த டயாலிசிஸ் நோயாளிகளின் மூளையில் அலுமினியம் மிகுந்திருந்ததை வெளியிட்டனர். எலும்பைக் காக்க வந்தது மூளையைத் தாக்கிற்று! அடுத்துப் பெருவழக்காகிய கால்சியம் மாத்திரைகள் மிகுந்தாலோ குருதிக்குழாய்கள் கல்லாகும் என்னும் அச்சம்.

2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சினாகால்செட், சுரப்பியின் கால்சிய உணர்வையே கூர்மையாக்கி ஹார்மோனைக் குறைக்கிறது. ஆயினும் 3,883 பேரிடம் நடத்தி 2012இல் வெளியான 'இவால்வ்' ஆய்வின் முதன்மைக் கணக்கில், இறப்பையும் பெரும் இதய நிகழ்வுகளையும் அது ஐயத்துக்கிடமின்றிக் குறைத்ததாக நிறுவ முடியவில்லை. எண் இறங்குவது ஒன்று; மனிதர் பிழைப்பது வேறொன்று.

எனவேதான் 2009ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல், டயாலிசிஸ் நோயாளிகளின் ஹார்மோன் அளவு இயல்பின் மேல்வரம்பைப் போல் ஏறத்தாழ 2 முதல் 9 மடங்குக்குள் இருக்கலாம் என்றது. 2017ஆம் ஆண்டின் திருத்தமும் அதை மாற்றவில்லை. அளவுக்கு மீறி அடக்கினால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையே மறந்து உறங்கிவிடும். ஒரு நாள் எண்ணைவிட அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்னும் போக்கே முதன்மையானது. முதலில் பாஸ்பரஸ், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றைச் சீர்செய்வர், அடுத்து மருந்து, எதற்கும் அடங்காதபோதே கத்தி.

அரிசி மணியை ஒத்த இவ்வுறுப்பை அடக்குமுன், அது எதற்காகக் கூவுகிறது என்று கேட்கவேண்டும் என்பதையே இந்த வரலாறு நமக்கு உணர்த்துகிறது.