சாலையோரத்துப் பலகை ஒன்று

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளில் செல்வோர், ஊரெல்லையிலும் ஆற்றுப் பாலத்தருகிலும் உலோகப் பலகைகள் தூணின்மீது நிற்கக் காண்பர். இங்கே இன்ன போர் நிகழ்ந்தது, இவ்வீட்டில் இன்னார் பிறந்தார் என்று ஐந்தாறு வரிகள் அவற்றில் வார்க்கப்பட்டிருக்கும். வர்ஜீனியா மாநிலம் 1927ஆம் ஆண்டிலேயே இத்தகைய பலகைகளை நடத் தொடங்கிற்று. மோட்டார் வண்டிகள் பெருகிவந்த காலம் அது. பயணி வண்டியை நிறுத்திப் படிப்பான். அவ்வூரில் சற்றுத் தங்கவும் தங்குவான். நாட்டுப்பற்றோடு வாணிகமும் வளரும் என எண்ணினர். பிற மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின.

பள்ளி நூலைப் படிப்பவனுக்கு ஐயம் எழுந்தால் ஆசிரியரைக் கேட்கலாம். சாலையோரப் பலகையை யார் கேள்வி கேட்பது? அரசாங்க முத்திரையைக் கண்டதும் நம்பிவிட்டுப் போகிறோம். அவ்வாறு எழுபது ஆண்டுகள் நம்பப்பட்ட ஒரு பலகையின் கதையையே இன்று சொல்லப் போகிறேன்.

லூயிசியானா மாநிலத்தில், சிவப்பாற்றின் கரையில் கோல்ஃபாக்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள நீதிமன்றத்தின் முன்னே, 1950ஆம் ஆண்டையொட்டி ஒரு பலகை நடப்பெற்றது. இவ்விடத்தில் கோல்ஃபாக்ஸ் கலகம் நடந்தது. அதில் வெள்ளையர் மூவரும் கறுப்பர் 150 பேரும் மாண்டனர். 1873 ஏப்ரல் 13ஆம் நாள் நடந்த அந்நிகழ்ச்சி, தென்னாட்டில் நிலவிய வந்தேறிகளின் சீர்கெட்ட ஆட்சிக்கு முடிவு கட்டியது. பலகை கூறிய செய்தி இவ்வளவே. இதனை நாட்டியது மாநிலத்தின் வாணிகத் தொழில் துறை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலகத்தில் ஒரு பக்கத்தில் மூவரும் மறுபக்கத்தில் நூற்றைம்பதின்மரும் மாள்வது எங்ஙனம்? கணக்குத் தெரிந்த சிறுவன்கூட இவ்வினாவைக் கேட்பான்.

நடந்தது இதுதான். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைகள் விடுதலை பெற்றனர். ஆடவர்க்கு வாக்குரிமையும் வந்தது. 1872இல் லூயிசியானாவில் நடந்த ஆளுநர் தேர்தலில் இரு கட்சியாரும் தாமே வென்றதாகச் சாதித்தனர். யாருடைய அதிகாரிகள் ஆள்வது என்னும் பூசல் கோல்ஃபாக்ஸையும் எட்டியது. விடுதலை பெற்ற கறுப்பர்கள் தம் கட்சி அதிகாரிகளுக்குக் காவலாக நீதிமன்றத்தில் கூடினர். முன்பு ஒரு பெருந்தோட்டத்தின் குதிரை லாயமாயிருந்த கட்டடம் அது! ஈஸ்டர் ஞாயிறன்று, படைக்கலம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் ஒரு பீரங்கியுடன் வந்து அதனை வளைத்தது. கட்டடத்துக்குத் தீ வைத்தனர். வெளியே வந்தோர் பலர் சுடப்பட்டனர். சரணடைந்து கைதிகளானவர்களை அன்றிரவு சுட்டுக் கொன்றனர். மாண்டோர் அறுபதுக்கும் நூற்றைம்பதுக்கும் இடைப்பட்டவர் என வரலாற்றாசிரியர் பலவாறு கணிப்பர். சரணடைந்தவனைக் கொல்வதற்குத் தமிழில் படுகொலை என்று பெயர். கலகம் என்று பெயரில்லை.

கொலையாளிகளுள் மூவரே தண்டனைக்குரியவரெனத் தீர்ப்பாயினர். அவர்களையும் உச்சநீதிமன்றம் 1876இல் விடுவித்தது. அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனி மனிதரைக் கட்டுப்படுத்தாது என்பது அந்நீதிமன்றம் கூறிய காரணம். அதன்பின் தென்னாட்டுக் கறுப்பர்க்கு நடுவண் அரசின் பாதுகாப்பு மிகவும் மெலிந்தது. சட்டம் பயிலும் மாணவர்கள் இவ்வழக்கைத் தேடிப் படிக்க வேண்டும்.

அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் 1921இல் எழுப்பிய தூண் ஒன்றும் உண்டு. இறந்த வெள்ளையர் மூவரின் பெயரைப் பொறித்து, வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு வீழ்ந்த வீரர் என்று அது புகழ்கிறது. கொடிய சொல்தான். ஆயினும் பலகையைவிடத் தூண் நேர்மையானது என்பேன். எதற்காகப் போரிட்டனர் என்பதை அது மறைக்கவில்லை. பலகையோ பொதுவாக யாவருக்கும் உரியதுபோலப் பேசிற்று. அது நடப்பெற்ற நாளில், அவ்வட்டாரத்துக் கறுப்பர்கள் வாக்களிக்கப் பெருந்தடைகள் இருந்தன. ஆகவே அவ்வரிகள் 1873ஐப் பற்றிச் சொல்வதைவிட 1950ஐப் பற்றியே மிகுதியாகச் சொல்கின்றன. பலகை கூறும் ஆண்டு ஒன்று, பலகை நட்ட ஆண்டு மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் படிக்கப் பழகுங்கள்.

2021ஆம் ஆண்டு மே மாதம் அப்பலகை அகற்றப்பட்டது. கல்லறைத் தோட்டத்துத் தூண் அன்று அசைக்கப்படவில்லை. கொல்லப்பட்டவர் ஒருவரின் வழித்தோன்றலும், தாக்க வந்தவர் ஒருவரின் வழித்தோன்றலும் கூடி உழைத்து, 2023 ஏப்ரல் 13ஆம் நாள், அந்நிகழ்ச்சியின் நூற்றைம்பதாம் ஆண்டில், கோல்ஃபாக்ஸில் புதிய நினைவுக்கல் ஒன்றை எழுப்பினர். மாண்டோருள் கண்டறிய முடிந்தவர்களின் பெயர்கள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பழைய பலகையில் அவர்கள் வெறும் எண்ணாக இருந்தார்கள்.