மீன் தொட்டிக்குள் போன முருகைக்கல்



"சேர், கடற்கரையில பொறுக்கின முருகைக்கல்ல மீன் தொட்டிக்குப் போடலாமா?" பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் காட்சியகம் திறந்தார்கள். மறுவருடம் பிலிப் ஹென்றி கோஸ் கடல் தொட்டி வைப்பது பற்றிப் புத்தகம் எழுதினார். பிறகென்ன, இங்கிலாந்துக் கரைகளில் சுத்தியலும் உளியுமாகக் கூட்டம்! பாசி பிடித்த பாறைகளைப் பெயர்த்துப் பெயர்த்து எடுத்தார்கள். தகப்பன் நேசித்த அந்தப் பாறைக் குட்டைகள் வெறுமையாகிப் போனதை மகன் எட்மண்ட் கோஸ் 1907இல் வேதனையோடு எழுதினார்.

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் தன் முறையை அமெரிக்க சஞ்சிகை ஒன்றில் விபரித்தார். கடல்நீர், உயிருள்ள முருகைக்கல், கொஞ்சம் காற்றுக்குமிழி. பெரிய வடிகட்டி ஏதுமில்லை. வேலையைச் செய்தது கல்லின் துளைகள்தான். வெளித் துளைகளில் வாழும் பற்றீரியா மீன் கழிவின் அமோனியாவை நைத்திரேற்றாக்கும். ஒட்சிசன் குறைந்த உட்துளைகளில் வேறொரு வகை அதை நைதரசன் வாயுவாக்கிவிடும்.

நம் நாட்டில் இந்தக் கல் தொட்டிக்குப் போனதைவிட சுண்ணாம்புச் சூளைக்குப் போனதே அதிகம். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம் முருகைக்கல் அகழ்வைத் தடை செய்தது. அகழ்வு நின்றுவிடவில்லை. 2004 சுனாமியில், முருகைப்பாறை பாதுகாக்கப்பட்ட ஹிக்கடுவையில் அலை 2–3 மீற்றர். தண்ணீர் சுமார் 50 மீற்றரே உள்ளே வந்தது. பக்கத்துப் பெரலியவில் பாறை அகழப்பட்டிருந்தது. அங்கே அலை 10 மீற்றர், 1.5 கிலோமீற்றர் உள்ளே போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு ரயில் புரண்டதும் அங்கேதான். ஆய்வாளர்கள் 2005இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார்கள். கரையில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு என் பதில்: வேண்டாம். நன்னீர்த் தொட்டிக்கு அது பொருந்துவதும் குறைவு. சுண்ணாம்பு கரைந்து நீரின் காரத்தன்மை ஏறும், டெட்ரா போன்ற மீன்கள் வாடும். கடையில் கிடைக்கும் எரிமலைக்கல் போதும், அதிலும் துளைகள் நிறைய. எந்தக் கல்லானாலும் வினாகிரி சில துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சவர்க்காரம் போடாமல் பிரஷ்ஷால் தேய்த்து, வாளியில் ஒரு கிழமை ஊறவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். நெருப்பில் மட்டும் போடாதீர்கள்: துளைக்குள் நிற்கும் தண்ணீர் ஆவியானால் கல் வெடிக்கும்.