மரம் எழுதி வெச்ச மழைக் கணக்கு

மழைக்குப் பஞ்சமே இல்லாத ஊர் மரத்துக்கு ஞாபகசக்தி கம்மிங்க. வருஷா வருஷம் கிட்டத்தட்ட ஒரே அகலத்துல வளையம் போட்டுட்டு நிம்மதியா நிக்கும். மணலும் வறட்சியுமான பூமியில அது நடக்காது. மழை பெய்தா அகல வளையம், பொய்த்தா நூல் மாதிரி ஒல்லி வளையம். உள் மங்கோலியா மணல்வெளி எல்ம் மரங்களை (நம்மூர் ஆயா மரத்துக்குப் பங்காளி) இன்னிக்கு இப்படித்தான் படிக்கிறாங்க. ஆனா இந்த வித்தை ஒரு அறிவியலா வளர்ந்த இடம் அமெரிக்காவோட அரிசோனா.

வளர்த்தவர் ஏ.ஈ. டக்ளஸ். மரத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, வானியலாளர். செவ்வாய்ல கால்வாய் இருக்குன்னு அடிச்சுச் சொன்ன பெர்சிவல் லோவெல்கிட்ட வேலை பார்த்து, அதைச் சந்தேகப்பட்டு, 1901-ல வேலையை இழந்தவர். (முதலாளியை எதிர்த்துப் பேசினா எங்கேயும் இதே கதைதான் :-)) சூரியப் புள்ளிகளோட 11 வருஷச் சுழற்சி மரத்துல பதிஞ்சிருக்குமான்னு பார்க்கத்தான் 1904-ல பைன் கட்டைகளை எண்ண ஆரம்பிச்சார்.

சிக்கினது வேற. பியூப்ளோ பழங்குடிகளோட பாழடைஞ்ச கட்டடங்கள்ல இருந்த உத்திரங்களை ஒண்ணோட ஒண்ணு பொருத்தி 585 வருஷத் தொடர் ஒண்ணு செஞ்சுட்டார். ஆனா அது எந்த 585 வருஷம்? தெரியாது. இன்றைய மரங்கள்ல தொடங்கிப் பின்னோக்கிப் போன தொடர் சுமார் 1260-ல நின்னுடுச்சு. ரெண்டும் ஒட்டலை. பழைய தொடர் அந்தரத்துல தொங்குது.

1929 ஜூன் 22. ஷோ லோ என்ற ஊர்ல ஒரு கரிக்கட்டை கிடைச்சது. தொட்டா உதிர்ற நிலை. ஹெச்ஹெச்-39னு பேர் வெச்சாங்க. அன்னிக்கு ராத்திரியே விளக்கு வெளிச்சத்துல உட்கார்ந்து எண்ணினார் டக்ளஸ். 1237-லிருந்து 1380 வரைக்கும் வளையங்கள். ரெண்டு தொடரும் ஒட்டிக்கிச்சு! பியூப்ளோ பொனிட்டோ மாளிகை 11-ம் நூற்றாண்டுல செழிச்சு நின்னதுன்னு அப்பதான் தெரிஞ்சது.

எனக்குப் பிடிச்சது இதுக்கப்புறம் வர்ற சமாச்சாரம். உண்மையில இடைவெளியே இல்லை! ரெண்டு தொடரும் கொஞ்ச வருஷம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் இருந்திருக்கு. 1276 முதல் 1299 வரை அடிச்ச கடும் வறட்சியில வளையங்கள் ஒல்லியாகி, பொருத்தம் கண்ணுக்கே படலை. மேசா வெர்டே குன்றுவீடுகளை ஜனங்க காலி பண்ணிட்டுப் போனதும் இதே காலத்துலதான், 1300 வாக்குல. வறட்சி மட்டுமே காரணம்னு சொல்லிட முடியாது, சண்டை சச்சரவும் சேர்ந்திருக்கு.

டக்ளஸ் 1962 வரைக்கும் இருந்தார். அவர் தேடிப் போன அந்த 11 வருஷச் சூரியக் கணக்கு மட்டும் கடைசிவரை உறுதிப்படவே இல்லை.