பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தின் தபால் எண்களும் நில அமைப்பும்

சேர்வராயன் மலைத்தொடருக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, வாணியாற்று நீரால் வளம்பெற்று விளங்கும் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் சாசனங்களையும் வருவாய்த்துறை ஏடுகளையும் நாடுவது இயல்பேயாயினும், அவ்வட்டாரத்து மக்கள் அரை நூற்றாண்டாகக் கடித உறைகளின்மீது எழுதிவரும் ஆறு இலக்கங்களும் அச்சரித்திரத்திற்கு ஒரு சாட்சியமே என்பது என் துணிபு.

பாப்பிரெட்டிப்பட்டியின் எண் 636905. அரூர் 636903, தீர்த்தமலை 636906. இவை அடுத்தடுத்து நிற்பதில் வியப்பில்லை. ஆனால், பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்திற்கே உட்பட்ட பொம்மிடியோ 635301 என்றும், கடத்தூரோ 635303 என்றும் குறிக்கப்படுகின்றன. ஒரே தாசில்தாரின் அதிகாரத்துக்குள் அடங்கிய ஊர்கள் மூன்றாம் இலக்கத்திலேயே பிரிந்து போவதற்குக் காரணம் யாது?

தபால்துறையில் உயர் பதவி வகித்தவரும் சம்ஸ்கிருத பண்டிதருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கரின் முயற்சியால் 1972 ஆகஸ்ட் 15-இல் இந்த ஆறிலக்கத் தபால் எண்முறை நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனி 1941-லும் அமெரிக்கா 1963-லும் இத்தகைய எண்களை ஏற்றிருந்தன. எனினும் பல பாஷைகளும் பல லிபிகளும் வழங்கும் நம் தேசத்தில் இதன் அவசியம் இன்னும் அதிகமாயிருந்தது. ஊர்ப்பெயர்களின் ஒற்றுமையும் சேர்ந்துகொண்டது: சுப்பிரமணிய சிவா வாழ்ந்த பாப்பாரப்பட்டியும் நம் பாப்பிரெட்டிப்பட்டியும் ஒரே ஜில்லாவில் இருக்க, அவசரமாகக் கிறுக்கிய விலாசத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படிப்பது எத்துணை எளிது! 636809 என்னும் எண் முன்னதை ஐயத்திற்கிடமின்றிப் பிரித்துவிடுகிறது.

எண்ணின் முதலிலக்கம் மண்டலத்தையும், முதலிரண்டும் சேர்ந்து தபால் வட்டத்தையும், மூன்றாவது கடிதங்கள் பிரிக்கப்படும் பிரதேசத்தையும், இறுதி மூன்றும் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தையும் சுட்டும். ஆகவே மேற்கண்ட வினாவுக்கு விடை, கடிதம் வந்துசேரும் மார்க்கத்திலேயே கிடைக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடந்ததும் ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் நோக்கி அமைந்த இருப்புப்பாதை சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி வழியாகச் செல்கிறது. மொரப்பூரிலிருந்து 1906-இல் தர்மபுரிக்கும், 1913-இல் ஓசூருக்கும் நீண்ட குறுகிய இருப்புப்பாதை இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்பட்டது. இப்பாதைகள் தொட்ட மொரப்பூர் (635305), பொம்மிடி, ஓசூர் (635109) ஆகிய ஊர்களும், வடக்கே பிரதான ரயில்பாதையிலுள்ள வாணியம்பாடி (635751), ஆம்பூர் (635802) ஆகியனவும் 635 என்ற தொகுதியில் அடங்குகின்றன. பாப்பிரெட்டிப்பட்டியும் அரூருமோ ரயில் தொடாத ஊர்கள். மஞ்சவாடிக் கணவாயின் ஊடே செல்லும் சாலையால் சேலத்தோடு பிணைக்கப்பட்டவை. ஆதலால் மலைமேலுள்ள ஏற்காட்டையும் (636601) சேலத்தையும் போலவே 636-இல் சேர்ந்தன என்று கொள்வதே பொருத்தம். தர்மபுரி நகரம் ரயிலைக் கண்டிருந்தும் 636701 என நிற்பதால், இருப்புப்பாதை ஒன்றையே முழுக் காரணமாகக் கூறிவிட இயலாது.

ஜில்லா எல்லைகள் இவ்வெண்களைப் பெரிதும் பாதிக்கவில்லை. 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து தர்மபுரி ஜில்லா பிரிந்தபோது எண்முறையே பிறக்கவில்லை. ஆயினும் ஏழாண்டு கழித்து எண் வகுத்தோர் புதிய ஜில்லாவுக்கெனத் தனித்தொகுதி அமைக்காமல், அதனை 635, 636 என இரண்டுக்கும் பங்கிட்டனர். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோதும் அதன் 635001 மாறவில்லை. “அரூர் தாலுகா, சேலம் ஜில்லா” என்று முடிந்த விலாசம் “அரூர் தாலுகா, தர்மபுரி ஜில்லா” என்றாகி, பின்னர் “பாப்பிரெட்டிப்பட்டி வட்டம், தர்மபுரி மாவட்டம்” என்று மாறியதைப் பழைய உறைகளில் வரிவரியாகக் காணலாம்.

2025-இல் தபால்துறை வெளியிட்ட டிஜிபின், ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரத்துக்கு ஒரு குறியீடு தருகிறது. அதில் கணவாயும் ரயில்பாதையும் இடம்பெறா. ஆதலால், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து இல்லங்களில் பழைய கார்டுகளும் இன்லாண்டு கடிதங்களும் இருக்குமாயின், அவற்றைக் கழித்துவிடாது, விலாசமும் முத்திரையும் சிதையாமல் பேணி, உள்ளூர்ப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ அளித்துதவுமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.