கொட்டகையும் ஹாஸ்யமும்

ஒரே புரொஜெக்டரை வைத்துத் தொழில் நடத்திய டூரிங் கொட்டகைகளில், ரீல் மாற்றுவதற்காக விளக்கு எரியும்போதெல்லாம், மணலை மேடாகக் குவித்து அமர்ந்திருந்த ஜனங்கள் முறுக்கைக் கடித்தவாறே படத்தைப் பற்றித் தர்க்கம் செய்வது வழக்கம். பழைய படங்களே சுற்றிச் சுற்றி வந்த அவ்விடங்களில் ஹாஸ்யப் படங்களுக்கு ஆயுள் அதிகம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி 1941இல் வெளிவந்த ‘சபாபதி’யில், ஒரே பெயர் கொண்ட அசட்டு எஜமானாக டி.ஆர். ராமச்சந்திரனும், அவரினும் அசடான வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் அடித்த கூத்தை வெறும் அபத்தம் என்றோர் உண்டு. சிரிப்போடு சீர்திருத்தமும் கலந்து தந்த என்.எஸ். கிருஷ்ணனே அவர்களுக்குப் பிரமாணம். (போதனை கேட்கவா டிக்கெட் வாங்கினோம் என்பது எதிர்க்கட்சி.)

1964இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தபின் விவாதம் வேறு ரூபம் எடுத்தது. சினிமாப் பித்தேறிய மகன் நாகேஷ், தந்தை பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் அந்தப் பிரசித்தமான காட்சியின் பெருமை எவருக்குரியது? பெரும்பாலோர் நாகேஷுக்கே என்பார்கள். நான் பாலையா கட்சி; கதை சொல்கிறவரை முதல் தடவை பார்த்துத் தீர்த்துவிடலாம், கேட்கிறவரின் முகம் கணத்துக்குக் கணம் வெளிறுவதைப் பார்க்கவே மறுபடியும் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.