மணலும் களப்புச் சேறும்: மின்கம்பியருகே ஓர் உருக்குக் குழாய்

இலங்கையின் கிழக்குக்கரை வாகரையில் கடற்பக்கம் உலர்ந்த மணல். உள்ளே பனிச்சங்கேணி, உப்பாறு களப்போரங்களில் உப்பு ஊறிய சேறு. பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களை மேலே போகும் மின்கம்பி எதுவும் செய்யாது. உருக்குக் குழாய் அப்படியல்ல. 2025 ஏப்ரல் 5இல் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் உடன்பட்டன. எண்ணெய்க் குழாய்த் திட்டமும் பேசப்படுகிறது. அப்படியொரு குழாய் இத்தகைய கிழக்குக்கரை மண்ணில் புதைந்தால் என்னவாகும்?

உயரழுத்தக் கம்பிக்குச் சமாந்தரமாக உருக்குக் குழாய் கிலோமீற்றர் கணக்கில் ஓடினால், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டத்தின் காந்தப்புலம் குழாயிலும் வோல்ட்டளவைத் தூண்டும். தொடுபவருக்கு ஆபத்து வராதிருக்க அமெரிக்க அரிப்புப் பொறியியலாளர் நியமம் வைத்த எல்லை 15 வோல்ட்.

அந்த 15 வோல்ட்டையே இரு மண்ணிலும் வைத்துக் கணக்கிட்டேன். குழாயின் பொலித்தீன் உறையில் 1 சதுர சென்ரிமீற்றர் ஓட்டை என்று கொள்வோம். தடைத்திறன் 500 ஓம் மீற்றர் உள்ள மணலில் அந்த ஓட்டை வழியே சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 7 அம்பியர் பாயும். 10 ஓம் மீற்றர் சேற்றிலோ 340 அம்பியர்! 30க்குக் கீழே அரிப்பு அரிது, 100ஐத் தாண்டினால் எதிர்பார்க்க வேண்டியதே என்பது துறையின் அனுபவம். ஆளைக் காக்கும் எல்லை களப்போரத்தில் குழாயைக் காக்காது; 30ஐத் தாண்டாதிருக்க அங்கே 1.3 வோல்ட்டே உச்சம்.

அதற்காக மணலை நல்லதென்று விட்டுவிட முடியாது. ஓட்டம் கசிய வழியில்லாத மண்ணில் வோல்ட்டளவு ஏறிக்கொண்டே போகும். தொடுபவருக்கான ஆபத்து அங்கேதான் கூட. மணலில் சேர்ந்தது சேற்றில் கிடைக்கும் முதல் ஓட்டையில் இறங்கும். ஆகவே மணல் முடிந்து சேறு தொடங்கும் இடமே என் கணிப்பில் மிக மோசமானது.

உறை நன்றாயிருந்தால் போதுமே என்பார்கள். பழைய தார் உறை எங்கும் சிறிது சிறிதாகக் கசியவிடும்; புதிய பொலித்தீன் உறையோ முழு ஓட்டத்தையும் ஒரு சிறு ஓட்டையில் குவிக்கும். 1986இல் ஜேர்மனியில் மின்சார ரயில் பாதைக்கு இணையாகக் கிடந்த எரிவாயுக் குழாய் ஒன்று, பொலித்தீன் உறையும் அரிப்பைத் தடுக்கும் கதோட்டுப் பாதுகாப்பும் இருந்தும் அரிபட்டது.

கம்பியைச் செங்குத்தாகக் கடப்பதும், நாக நாடாவால் புவித்தொடுப்புச் செய்வதும் தெரிந்த பரிகாரங்கள். திருகோணமலைக் குழாய்க்குப் பாதை வரைபவர்கள் அதற்கு முன்பே வழிநெடுக மண்ணின் தடைத்திறனை அளந்து, அந்த அளவுகளைக் கரையோர மக்களுக்கும் வெளியிட வேண்டும்.